புது ஆஃப் ரோடு வண்டி, அளவான பணம்: எதை முதலில் மாற்றுவது?

ஆஃப் ரோடு வண்டி ஒன்றைப் புதிதாக வாங்கியவர் கையில் அடுத்த வாரமே ஒரு பட்டியல் இருக்கும். தடித்த இரும்பு பம்பர், கூரை மேல் நீளமான எல்.இ.டி. விளக்கு, வண்டியை இரண்டு அங்குலம் தூக்கும் லிஃப்ட் கிட், என்ஜினுக்கு உயரத்திலிருந்து காற்றை இழுக்கப் பக்கவாட்டில் ஏறும் ஸ்நார்க்கல் குழாய். நான்கும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மணலில் அச்சு வரை புதைந்த வண்டியை இந்த நான்கில் ஒன்றுகூட வெளியே கொண்டுவராது. பணம் தாராளமாக இருப்பவர் எந்த வரிசையில் வாங்கினாலும் கடைசியில் எல்லாம் வந்து சேர்ந்துவிடும். அளவாக இருப்பவருக்கு வரிசை தப்பினால், வண்டி அலங்காரத்தோடு நிற்கும், டயருக்குக் காசு இருக்காது.

நான் சொல்லும் வரிசை இது: தரையைத் தொடுவது முதலில், சிக்கினால் மீட்பது அடுத்து, அடிவயிற்றைக் காப்பது மூன்றாவது. கண்ணில் படுகிற சாமான்கள் எல்லாம் கடைசி. ஒதுக்கிய பணத்தைப் பத்துப் பங்காக்கினால் ஐந்து பங்கு டயருக்கு, இரண்டு பங்கு கம்ப்ரஸர், கயிறு வகையறாவுக்கு, இரண்டு அடிப்பகுதிப் பாதுகாப்புக்கு. மீதி ஒரு பங்கைத் தொடாமல் வையுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் அலைன்மென்ட், புது போல்ட், உரசும் மட்கார்டை வெட்டுவது என்று ஏதாவது சில்லறைச் செலவு வந்தே தீரும்.

இன்னும் வண்டியை முன்பதிவு செய்யவில்லை என்றால் ஒரு யோசனை. தொழிற்சாலையிலேயே பின் அச்சில் டிஃபரன்ஷியல் லாக், அதாவது இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் பல்சக்கரப் பெட்டியைப் பூட்டி இரண்டையும் சேர்ந்தே சுழலவைக்கும் லாக்கர், வைத்து வரும் ரகம் இருந்தால், தோல் இருக்கையும் பெரிய திரையும் உள்ள ரகத்தை விட்டுவிட்டு அதை எடுங்கள். பின்னால் தனியாக லாக்கர் வாங்கி, அச்சைப் பிரித்து மாட்டும் செலவு அந்த விலை வித்தியாசத்தைவிடப் பெரும்பாலும் கூடுதல். வாரண்டியும் போகாது.

முதலில் கணக்கு: வண்டி எவ்வளவு தாங்கும்?

கதவு நிலையில் ஒட்டியிருக்கும் தகட்டையோ கையேட்டையோ பாருங்கள். வண்டியின் அதிகபட்ச மொத்த எடை என்று ஓர் எண் இருக்கும். அதிலிருந்து வெற்று வண்டியின் எடையைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய சுமை. புதியவர்கள் யாரும் இந்தக் கழித்தலைச் செய்வதில்லை.

ஒரு வண்டியின் மொத்த எடை 2,500 கிலோ, வெற்று எடை 2,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கையில் 500 கிலோ. ஆளுக்கு 70 கிலோ வீதம் நான்கு பேர் ஏறினால் 280 போயிற்று. மீதி 220. இரும்பு பம்பர் 50, கயிற்றைச் சுருட்டி வண்டியை இழுக்கும் வின்ச் 35, கூரை ரேக் 30, அடித்தகடுகள் 40 என்று மாட்டினால் 155 கிலோ. இப்போது மிஞ்சுவது 65. அதில் 20 லிட்டர் தண்ணீரும் 20 லிட்டர் டீசலும் ஏறக்குறைய 37 கிலோவைத் தின்றுவிடும். கூடாரம், சமையல் சாமான், கருவிப்பெட்டி எல்லாம் சேர்த்து 28 கிலோவுக்குள் அடங்க வேண்டும். அடங்காது. அதிக எடையில் பிரேக் தூரம் கூடும், ஸ்பிரிங் உட்காரும், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பதும் இதைத்தான்.

ஆகவே ஒரு நோட்டில் மூன்று வரி எழுதுங்கள்: தாங்கும் சுமை, ஒவ்வொரு சாமானின் எடை, மிச்சம். ஒரு சாமான் வாங்கும் முன் விலையைப் பார்ப்பதுபோல் எடையையும் பாருங்கள்.

இதே கட்டத்தில் மூன்று இடங்களில் கேட்டுவிடுங்கள். எந்த மாற்றம் வாரண்டியைப் பாதிக்கும் என்று விற்பனையாளரிடம், எதைத் தெரிவிக்க வேண்டும் என்று இன்சூரன்ஸ் நிறுவனத்திடம், எது அனுமதிக்கப்பட்டது என்று உங்கள் ஊரின் வாகனப் பதிவு அலுவலகத்தில். டயர் அளவு, உயரம், பம்பர், கூடுதல் விளக்கு ஆகிய நான்கிலும் விதிகள் இடத்துக்கு இடம் மாறும். பதிலை வாய்வார்த்தையாக வாங்காமல் எழுத்தில் வாங்குங்கள்.

செலவில்லாத முதல் மாற்றம்: கழற்றுவது

பல புது வண்டிகளில் முன் பம்பருக்குக் கீழே கறுப்பு பிளாஸ்டிக் தாடை ஒன்று தொங்கும். சாலையில் காற்றைத் திருப்பி எரிபொருள் மிச்சம் பிடிக்க வைத்தது. மேட்டில் ஏறும்போது முதலில் தட்டுவதும் அதுதான். பத்துப் பன்னிரண்டு கிளிப்புகளையும் சில திருகுகளையும் கழற்றினால் கையோடு வந்துவிடும். அதேபோல் பக்கவாட்டுப் படிகள். அலங்காரப் படி என்றால் பாறையில் மடங்கி, கதவைத் திறக்க விடாமல் செய்துவிடும். இரண்டையும் கழற்றிப் பத்திரமாக வைத்துக்கொண்டால், விற்கும்போது திரும்ப மாட்டலாம். ஆனால் பம்பருக்குப் பின்னால் ரேடார், கேமரா, ஏர்பேக் சென்சார் இருக்கிறதா என்று கையேட்டில் பார்த்துவிட்டுக் கைவையுங்கள்.

இப்படிக் கழற்றியதால் என்ன கிடைத்தது என்று தெரிய மூன்று கோணங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். முன் சக்கரம் தொடும் முன் பம்பர் இடிக்காமல் எவ்வளவு செங்குத்தான மேட்டை அணுகலாம் என்பது அணுகு கோணம். மேட்டின் உச்சியைக் கடக்கும்போது வயிறு தட்டாமல் இருக்கும் அளவு முகட்டுக் கோணம். இறங்கும்போது வால் தட்டாத அளவு விலகு கோணம். 2018இல் வந்த மூன்று கதவு சுசுகி ஜிம்னியில் இவை 37, 28, 49 டிகிரி. அதன் டயர் 195/80 ஆர் 15, அதாவது 27 அங்குலத்தைச் சற்றே தாண்டும் சின்ன டயர். வண்டியின் எடை சுமார் 1,100 கிலோ. எதையும் மாற்றாமலே அது போகும் இடங்களைப் பார்த்தால், எடையும் நீளமும் குறைவாக இருப்பது எத்தனை பெரிய சலுகை என்று புரியும். நீங்களும் முடிந்தவரை எடையைக் கூட்டாமல் பாருங்கள்.

கீழே படுத்துப் பாருங்கள்

டயர் வாங்கும் முன்பே வண்டியை அப்படியே நாலைந்து சுலபமான பாதைகளில் ஓட்டுங்கள். நான்கு சக்கரமும் இழுக்கும் 4 ஹை எப்போது, அதையே மெதுவாக, கூடுதல் விசையோடு செய்யும் 4 லோ எப்போது என்று பழகுங்கள். 4 லோவில் முதல் கியரில் பிரேக்கில் கால் வைக்காமல் இறக்கத்தில் இறங்கிப் பாருங்கள். டிராக்‌ஷன் கன்ட்ரோல் உள்ள வண்டியில் ஒரு சக்கரம் அந்தரத்தில் சுழலும்போது புதியவர்கள் பதறி ஆக்சிலரேட்டரை விட்டுவிடுவார்கள். விடக்கூடாது. அளவாக, சீராக மிதித்தபடி இருந்தால்தான் கம்ப்யூட்டர் அந்தச் சக்கரத்துக்குப் பிரேக் பிடித்து, எதிர்ச் சக்கரத்துக்கு விசையை அனுப்பும். பலர் லாக்கர் இல்லை என்று குறைபட்டுக்கொள்ளும் இடங்களை இந்தப் பழக்கம் ஒன்றை வைத்தே தாண்டிவிடலாம்.

திரும்பி வந்ததும் கழுவிவிட்டு, டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுங்கள். பளபளவென்று இரும்பு தெரியும் கீறல்கள் எங்கே என்று பாருங்கள். எங்கே புதுக் கீறலோ அங்கே வெள்ளை பெயின்டால் ஒரு புள்ளி வையுங்கள். அடுத்த முறை அந்தப் புள்ளி அழிந்திருந்தால் அந்த இடம் திரும்பத் திரும்ப அடிபடுகிறது என்று அர்த்தம். டிஃபரன்ஷியலின் அடியில் கீறல் என்றால் பெரிய டயர் வேண்டும். கதவுக்குக் கீழ் விளிம்பில் என்றால் அந்த விளிம்பைக் காக்கும் உறுதியான குழாயான ஸ்லைடர். என்ஜின் ஆயில் தட்டுக்கு முன்னால் என்றால் அடித்தகடு. பின் பம்பரின் மூலையில் என்றால் ஓட்டும் கோணத்தை மாற்றினாலே போதும். விளம்பரங்களைவிட இந்தக் கீறல்களை நம்பி வாங்குங்கள்.

டயர்: பாதிப் பணம் இங்கே

வண்டிக்கும் தரைக்கும் நடுவே இருப்பது நான்கு உள்ளங்கை அளவு ரப்பர்தான். அதனால்தான் பாதிப் பணத்தை இங்கே போடச் சொல்கிறேன்.

வண்டியோடு வருவது பெரும்பாலும் நெடுஞ்சாலை டயர். அதற்கு அடுத்தது ஏ.டி. எனப்படும் எல்லாத் தரைக்குமான டயர், அதற்கும் மேல் எம்.டி. எனப்படும் சேற்று டயர். வாரம் முழுக்க வேலைக்கும் அதே வண்டி என்றால் ஏ.டி. போதும். எம்.டி. டயர் சாலையில் இரையும், ஈரத் தார்ச்சாலையில் பிடிமானம் குறையும், சீக்கிரம் தேயும், எரிபொருளும் கூடுதலாகக் குடிக்கும். ஆழமான சேறும் பாறையும் அடிக்கடி மிதிப்பவருக்கு மட்டும் அது.

டயரின் பக்கச் சுவரில் இருக்கும் எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். 265/70 ஆர் 17 என்றால் அகலம் 265 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 70 சதவீதம், டிஸ்க், அதாவது டயர் மாட்டும் உலோகச் சக்கரம், 17 அங்குலம். கணக்குப் போட்டால் முழு விட்டம் சுமார் 803 மி.மீ. இதையே 285/70 ஆர் 17 ஆக்கினால் 831 மி.மீ. விட்டம் 28 மி.மீ. கூடினாலும் அச்சு உயர்வது அதில் பாதி, 14 மி.மீ.தான். வேகமானியோ மூன்றரை சதவீதம் குறைத்துக் காட்டும், அதாவது 100 காட்டும்போது உண்மையில் 103 தாண்டி ஓடிக்கொண்டிருப்பீர்கள். டயரும் கனமாகும், இழுவை மந்தமாகும், பிரேக் தூரம் நீளும், முழுசாகத் திருப்பினால் மட்கார்டு உரசலாம். பட்ஜெட் வண்டிக்கு நான் சொல்வது, கம்பெனி அளவிலேயே நல்ல ஏ.டி. டயர், மிஞ்சிப்போனால் ஒரே ஓர் அளவு மேல்.

அளவுக்குப் பின் வரும் சுமைக் குறியீட்டையும் பாருங்கள். 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும், 121 என்றால் 1,450 கிலோ. கம்பெனி போட்ட எண்ணுக்குக் கீழே போகக்கூடாது. டிஸ்க் சின்னதாகவும் பக்கச் சுவர் உயரமாகவும் இருந்தால் ஆஃப் ரோடுக்கு நல்லது. காற்றைக் குறைக்கும்போது மடங்கிக் கொடுக்க அங்கேதான் இடம் இருக்கிறது. பெரிய டிஸ்க், ஒல்லியான பக்கச் சுவர் என்பது ஷோரூம் அழகு.

கடைசியாக, வாங்குவது ஐந்து டயர், நான்கல்ல. ஸ்டெப்னி பழைய அளவிலேயே இருந்தால், காட்டுக்குள் பஞ்சரான நேரத்தில் ஒரு சக்கரம் மட்டும் சின்னதாக ஓடும். நான்கு சக்கரமும் இணைந்து சுழலும்போது இந்த வித்தியாசம், முன் பின் அச்சுகளுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் டிஃபரன்ஷியலையும் முறுக்கும். ஐந்துக்குப் பணம் போதவில்லை என்றால் கம்பெனி அளவில் நான்கு ஏ.டி. வாங்கிக்கொண்டு, பழையதில் நல்லதை ஸ்டெப்னியாக வையுங்கள். இதற்காகவே அளவை மாற்றாமல் இருக்கலாம்.

காற்று: மலிவான மாற்றம், பெரிய வித்தியாசம்

காற்றைக் குறைத்தால் டயர் பக்கவாட்டில் விரிவதைவிட முன்னும் பின்னுமாக நீளும். நீண்ட தடம் மணலில் புதையாது, கல்லைச் சுற்றி மடங்கிப் பிடிக்கும், வண்டியின் குலுக்கலும் குறையும். நல்ல டயரும் முழுக் காற்றில் மணலில் திணறும், சாதாரண டயரும் காற்றைக் குறைத்தால் போய்விடும்.

சாலைக்குக் கதவில் எழுதியிருக்கும் அளவு. கரடுமுரடான மண் பாதைக்கு அதில் கால் பங்கைக் குறைக்கலாம். பாறைக்கு 18 முதல் 20 பி.எஸ்.ஐ., மணலுக்கு 15 முதல் 18. கனமான வண்டிக்குச் சற்றுக் கூட்டியும் இலகுவானதற்குச் சற்றுக் குறைத்தும் வைத்துப் பாருங்கள். 15க்குக் கீழே போனால் வளைவில் டயர் டிஸ்கை விட்டுக் கழன்றுவிடும் ஆபத்து உண்டு, சிக்கிய இடத்திலிருந்து மெதுவாக வெளியேற மட்டும் அதைச் செய்யலாம். காற்றுக் குறைந்த டயரில் வேகம் கூடாது, சட்டென்று திருப்பவும் கூடாது. தார்ச்சாலைக்குத் திரும்பியதும் முதல் வேலை காற்றை நிரப்புவது. குறைந்த காற்றில் வேகமாக ஓடினால் பக்கச் சுவர் சூடாகி டயர் வெடிக்கும்.

இதற்கு வேண்டியது ஒரு நம்பகமான காற்றுமானி, ஒரு கம்ப்ரஸர். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் பொம்மைக் கம்ப்ரஸரை வாங்காதீர்கள். அந்தத் துளையின் ஃபியூஸ் பெரும்பாலும் 10 முதல் 15 ஆம்பியர்தான் தாங்கும், அதற்குள் இயங்கும் கம்ப்ரஸர் ஒரு டயரை நிரப்புவதற்குள் சூடாகிவிடும். பேட்டரியில் நேரடியாகக் கிளிப் மாட்டும் ரகமாக எடுங்கள். பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கும் 150 பி.எஸ்.ஐ. உங்களுக்குத் தேவையே இல்லை. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், எத்தனை நிமிடம் நிறுத்தாமல் ஓடும் என்ற இரண்டையும் பாருங்கள். கம்ப்ரஸரை ஓட்டும்போது என்ஜினை அணைக்காதீர்கள்.

கூடவே ஒரு பஞ்சர் கிட். ஆணியைப் பிடுங்கும் முன் அது எந்தச் சாய்வில் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். பிடுங்கியதும் அதே சாய்வில் அரம் போன்ற ஊசியை உள்ளே விட்டு நாலைந்து முறை இழுத்து ஓட்டையைச் சொரசொரப்பாக்குங்கள். ரப்பர் திரியைக் கிட்டில் உள்ள இன்னொரு ஊசியின் கண்ணில் பாதியாக மடித்துக் கோத்து, பசை தடவி, வெளியே ஒன்றரை சென்டிமீட்டர் வால் தெரியும்வரை அழுத்தி இறக்குங்கள். பிறகு ஊசியைத் திருகாமல் ஒரே இழுப்பில் வெளியே எடுத்துவிடுங்கள், திரி உள்ளே நின்றுவிடும். காற்றடித்துச் சோப்புத் தண்ணீர் விட்டுக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். பக்கச் சுவரில் ஓட்டை என்றால் இந்தத் திரி ஊர் வந்து சேரும் வரைதான், அந்த டயரை மாற்றியே ஆக வேண்டும். வீட்டு வாசலில் பழைய டயர் ஒன்றில் இதைப் பழகிக்கொண்டால் காட்டில் கை நடுங்காது.

சிக்கினால் மீட்பது

இந்தப் பகுதியில் மட்டும் மலிவு பார்க்க வேண்டாம். மற்ற எதில் தப்பு நடந்தாலும் வண்டிக்குச் சேதம், இதில் தப்பு நடந்தால் ஆளுக்கு.

முதலில் நீளக் கைப்பிடி மண்வெட்டி. சிக்கிய வண்டிகளில் பல, சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் மண்ணை வாரி அகற்றிவிட்டு, காற்றை இன்னும் குறைத்தாலே வந்துவிடும். அடுத்து ஒரு ஜோடி மீட்புப் பலகை. சக்கரத்தின் அடியில் நன்றாகத் தோண்டித் திணித்து, மெதுவாக ஏறுங்கள். பலகை மேல் சக்கரம் வெறுமனே சுழன்றால் பற்கள் உருகி வழவழப்பாகிவிடும், அப்புறம் அது வெறும் பிளாஸ்டிக்.

இன்னொரு வண்டி இழுக்க வேண்டிய நிலை வந்தால் கயிறு. இதில் இரண்டு ரகம் உண்டு. நீளாத கயிறும் சங்கிலியும் மெதுவாக இழுக்க மட்டும். அதைத் தளர்வாக விட்டு வேகமெடுத்து வெட்டி இழுத்தால் ஏதாவது ஒன்று பிய்த்துக்கொண்டு பறக்கும். கைனெடிக் கயிறு சுமார் 30 சதவீதம் வரை நீண்டு, அந்த விசையைத் தேக்கி மெல்ல இழுக்கும். அதன் உடைபலம் வண்டியின் மொத்த எடையைப்போல் இரண்டு மடங்கிலிருந்து மூன்று மடங்குக்குள் இருக்கட்டும். குறைந்தால் அறுந்துவிடும், ரொம்பக் கூடினால் நீளாது.

கயிற்றை எங்கே மாட்டுவது என்பது இன்னும் முக்கியம். கப்பலிலும் லாரியிலும் வண்டியைக் கட்டிவைக்க அடியில் சின்ன வளையங்கள் இருக்கும். அவை இழுப்பதற்கல்ல. டிரெய்லர் மாட்டும் உருண்டைக் கொக்கியில் மாட்டவே கூடாது, அது உடைந்து கண்ணாடியைத் துளைத்து உயிர் போன சம்பவங்கள் பல உண்டு. வண்டியின் அடிச்சட்டமான சேசிஸோடு போல்ட் போட்ட, எடை அளவு பொறித்த மீட்புக் கொக்கி முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று வேண்டும். வண்டியில் இல்லையென்றால் பம்பர் வாங்குவதற்கு முன்பே இதை வாங்குங்கள்.

கயிற்றைக் கொக்கியோடு இணைக்கும் இரும்பு வளையமான ஷாக்கிள் வாங்கினால் 19 மி.மீ. தடிமனில், 4.75 டன் என்று பொறித்ததாக இருக்கட்டும். பொறிப்பே இல்லாததைத் தொடாதீர்கள். கயிற்றால் ஆன மென் ஷாக்கிள் இன்னும் நல்லது, அறுந்தாலும் இரும்புக் குண்டாகப் பறக்காது. இரண்டு இழுவைக் கயிறுகளையோ பெல்ட்டுகளையோ இணைக்க நடுவில் ஷாக்கிள் போடக்கூடாது. இழுக்கும்போது சுற்றி நிற்பவர்கள் கயிற்றின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்காவது தள்ளி, பக்கவாட்டில் நிற்கட்டும். இறுகிய கயிற்றை யாரும் தாண்டக்கூடாது. வண்டிக்குள் ஓட்டுநரைத் தவிர யாரும் வேண்டாம்.

வின்ச் நல்ல சாமான்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் துணை வண்டியோடு போகிறவருக்கு முதல் வருடம் அது தேவைப்படுவது அபூர்வம். தனியாகப் போகிறவர் என்றால் வேறு கதை. வண்டியின் மொத்த எடையைப்போல் ஒன்றரை மடங்கு இழுவைத் திறனுள்ளதாக எடுத்து, செயற்கை இழைக் கயிறு போட்டுக்கொள்ளுங்கள்.

அடிவயிறும் மூச்சுக் குழாயும்

வெள்ளைப் புள்ளி அழிந்த இடத்துக்குத்தான் தகடு. இரும்புத் தகடு மலிவு, பாறையில் வழுக்கிக்கொண்டு போகும், ஆனால் கனம். அலுமினியம் இலகு, விலை கூடுதல், கூர்மையான பாறையில் கொஞ்சம் கொறித்துக்கொள்ளும். ஆயில் மாற்றத் துளை விட்டிருக்கிறார்களா, சேற்றைக் கழுவி வெளியேற்ற வழி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு சர்வீஸிலும் தகட்டைக் கழற்றக் கூலி கொடுப்பீர்கள். ஸ்லைடர் என்றால் சேசிஸில் மாட்டுவதாக இருக்க வேண்டும். சோதிக்க எளிய வழி, அதற்கு அடியில் ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்க முடிய வேண்டும். தூக்க முடியாதது படிக்கட்டு, ஸ்லைடர் அல்ல. சேசிஸ் இல்லாமல் உடலே கூடாக அமைந்த வண்டிகளில் இது சிக்கலான வேலை, தெரிந்த பட்டறையில் கேட்டுச் செய்யுங்கள்.

ஸ்நார்க்கலுக்கு ஆசைப்படுகிறவர்கள் கவனிக்காத ஒரு சாமான் அச்சின் மூச்சுக் குழாய். டிஃபரன்ஷியல் பெட்டியின் மேல் சின்னத் தொப்பி போல ஒன்று இருக்கும். ஓடும்போது உள்ளே ஆயில் சூடாகிக் காற்று விரியும், அந்தத் தொப்பி வழியாக வெளியேறும். சூடான அச்சு திடீரென்று குளிர்ந்த ஓடையில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கும். அந்த உறிஞ்சலில் தொப்பி வழியாகவும் ஆயில் சீல் வழியாகவும் தண்ணீர் உள்ளே போய்விடும். ஆயில் பாலில் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் அதுதான் நடந்திருக்கிறது. அப்படியே ஓட்டினால் பேரிங்கும் பல்சக்கரமும் வீணாகும்.

தீர்வுக்கு ஆகும் செலவு ரொம்பக் குறைவு. தொப்பியைச் சுற்றி நன்றாகத் துடைத்துவிட்டுக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் மண் உள்ளே விழும். சில வண்டிகளில் அதே போல்ட் பிரேக் குழாயின் இணைப்பையும் பிடித்திருக்கும், அப்படியென்றால் மெக்கானிக்கிடம் விடுங்கள். அதே மரையுள்ள நிப்பிள் ஒன்றை மாட்டி, ஆயில் தாங்கும் ரப்பர் குழாயைச் செருகி, புகைக்குழாய்க்கு அருகே போகாமல் என்ஜின் அறையின் மேற்பகுதி வரை கொண்டுபோங்கள். அச்சு மேலும் கீழும் ஆடும், அதனால் அந்த இடத்தில் குழாயைத் தளர்வாக விட வேண்டும். முனையில் ஒரு சின்ன ஃபில்டர். கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் இதேதான். முன் டிஃபரன்ஷியலுக்குக் கம்பெனியே நீளக் குழாய் வைத்திருக்கலாம், முதலில் பாருங்கள்.

இதைச் செய்யாமல் ஸ்நார்க்கல் போட்டால் என்ஜின் மட்டும் மூச்சு விடும், அச்சு தண்ணீர் குடிக்கும். ஸ்நார்க்கல் போட்டாலும் கம்பெனி சொன்ன ஆழத்தைத் தாண்டினால் மின் இணைப்புகள் நனைவது நனைவதுதான்.

லிஃப்ட், விளக்கு

லிஃப்டைத் தள்ளிப்போடச் சொல்வதற்குக் காரணம் அதன் விலை மட்டுமல்ல, அது இழுத்துவரும் செலவு. வண்டியின் உடல் உயரும், இடது வலது சக்கரங்களை ஒரே திடமான அச்சு இணைக்கும் வண்டியில் டிஃபரன்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவது டயர் மட்டும்தான். தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் அச்சுத் தண்டின் மூட்டுகள் சாய்வாக நின்று சீக்கிரம் தேயும். ஸ்டீயரிங் கோணம் மாறி, கை விட்டால் நேராகப் போகாது. அலைன்மென்ட், பிரேக் குழாய் நீளம், முன் விளக்கின் சாய்வு எல்லாவற்றையும் திரும்பச் சரிசெய்ய வேண்டும். ஸ்பிரிங் மேல் ஒரு வளையம் வைத்துத் தூக்கும் மலிவு வழி உண்டு, அதில் சக்கரம் கீழே இறங்கும் தூரம் குறைந்துபோகும். நிரந்தரமாகச் சுமை ஏற்றி வண்டி உட்கார்ந்த பிறகு, அந்த எடைக்கேற்ற ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக மாற்றுங்கள். அதுவரை பொறுக்கலாம்.

விளக்குக்கு ஒரே பேச்சு: சுவிட்சில் முழு மின்சாரமும் பாயாமல் தடுக்கும் ரிலே, ஃபியூஸ் இல்லாமல் மாட்டாதீர்கள். 120 வாட் விளக்கு 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும், 15 ஆம்பியர் ஃபியூஸ் போதும். ஃபியூஸை பேட்டரி முனைக்கு மிக அருகில் வையுங்கள், அது காப்பாற்றுவது விளக்கை அல்ல, ஒயரை. பொதுச் சாலையில் அணைத்து மூடி போட்டு ஓட்டுங்கள்.

பழையது வாங்கும்போது

புது வண்டியை வாங்கிய மறுநாளே சிலர் கம்பெனி டயரையும் டிஸ்கையும் கழற்றி விற்பார்கள். உங்கள் வண்டியின் மேல் ரகத்திலிருந்து அப்படி வருவது கிடைத்தால் நல்ல வாய்ப்பு. பழைய பம்பர், ஸ்லைடர், தகடு, இரும்பு டிஸ்க் எல்லாம் பார்த்து வாங்கலாம். டயரில் தயாரித்த வாரமும் வருடமும் நான்கு எண்ணாகப் பொறித்திருக்கும், 2423 என்றால் 2023இன் 24ஆவது வாரம். பழைய கயிறு, பெல்ட், ஷாக்கிள் மட்டும் வேண்டாம். அதற்கு முன் என்ன இழுத்தது என்று யாருக்கும் தெரியாது.

மாட்டிய பிறகு

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். இரண்டை ஒன்றாக மாட்டிவிட்டு சத்தம் வந்தால் எதிலிருந்து என்று தேடியே நாள் போகும். புது வீல் மாட்டினால் நட்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் கையேட்டு அளவுக்கு இறுக்கி, 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் திரும்ப ஒருமுறை சோதியுங்கள். ஒரு முன் சக்கரத்தை மேட்டில் ஏற்றி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுசாகத் திருப்பி, டயர் எங்காவது உரசுகிறதா என்று வெளியிலிருந்து ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்லைடர், தகடு, மீட்புக் கொக்கியின் போல்ட் தலையிலிருந்து சேசிஸ் வரை பெயின்டால் ஒரு கோடு இழுத்து விடுங்கள். கோடு விலகியிருந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது, இறுக்கிவிட்டுக் கிளம்புங்கள். தண்ணீரில் இறங்கி வந்த வாரம் டிஃபரன்ஷியல் ஆயிலின் நிறத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.